சொந்தக் கையால் ஒரு வண்டி கட்ட

முதல் முறை இன்ஜின் பிடித்த அன்று நான் வண்டியை ஓட்டவே இல்லை. ஓட்டவும் முடியாது, சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் சீட்டு இல்லை, பாடி இல்லை, முன்விளக்கு ஒயர்கள் கேபிள் டையில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறி நிற்பதைப் பார்த்து, அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி பெட்டியாக, பை பையாகக் கிடந்த இரும்பு, என் கை பட்டுத்தான் இப்போது மூச்சு விடுகிறது என்ற நினைப்பு. கடையில் வாங்கிய எந்த வண்டியும் எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

அந்தத் திருப்தி எங்கிருந்து வருகிறது என்று பிறகு நிறைய யோசித்தேன். வண்டி அழகாக இருக்கிறது, வேகமாகப் போகிறது என்பதெல்லாம் அதில் ஒரு பங்குதான். பெரும் பங்கு, அந்த வண்டியில் எனக்குத் தெரியாத இடம் என்று ஒன்றுமே இல்லை என்பதில் இருக்கிறது. இடது முன்பக்கம் லேசாக ஒரு சத்தம் கேட்டால், அங்கே எந்த புஷ்ஷை (இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் உருளை) எந்த நாளில் அழுத்திப் பொருத்தினேன், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கினேன் என்பது நினைவில் வரும். அதனால்தான் இந்தக் குறிப்புகளில் நான் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்வேன்: எந்த முடிவை எடுத்தாலும், அந்த "தெரிந்திருத்தல்" குறையாத மாதிரியும், வண்டி பாதியில் நின்றுபோகாத மாதிரியும் எடுங்கள். ஷெட்டில் தூசி மூடிக் கிடக்கும் பாதி வண்டிகள் மிக அதிகம், அவற்றில் பெரும்பாலானவை திறமை இல்லாததால் நின்றவை அல்ல.

எந்த வழி

மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி முழு கிட். சேஸிஸ், சஸ்பென்ஷன், பாடி, ஒயரிங், இன்ஜின் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும், நீங்கள் கோத்து முடிக்க வேண்டும். இரண்டாவது, சேஸிஸும் பாடியும் புதிதாக வாங்கி, இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், ஸ்டீயரிங் போன்றவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுப்பது, அந்தப் பழைய வண்டியை டோனர் கார் என்பார்கள். மூன்றாவது, இரும்புக் குழாய் வாங்கி சேஸிஸையே நீங்களே வெல்டு செய்வது.

இந்தப் பழக்கம் ஒன்றும் புதிதல்ல. பிரிட்டனில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன், பிரித்த பாகங்களாக வீட்டுக்கு வாங்கிப் போய்க் கோத்துக்கொள்ளும் வண்டியாகவே பெரும்பாலும் விற்றது, முழு வண்டிக்கு அன்று இருந்த கொள்முதல் வரி பாகங்களாக வாங்கினால் கிடையாது என்பது காரணம். 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது, அதே வடிவம் இன்றும் கிட்டாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 1964-இல் புரூஸ் மெயர்ஸ் தன் கையால் ஒரு ஃபைபர்கிளாஸ் பாடியை உருவாக்கி, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களைப் பூட்டி மணல்மேட்டில் ஓட்டினார், மெயர்ஸ் மான்க்ஸ் என்ற திறந்த மணல் வண்டி அப்படித்தான் பிறந்தது. சீக்கிரமே அது, நீளம் குறைத்த பீட்டில் அடித்தளத்தின் மேல் யாரும் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கிட்டாக மாறியது. இரண்டுமே எளிமையான வண்டிகள், கதவுகூடக் கிடையாது என்று சொல்லலாம். சாதாரண மனிதன் தன் ஷெட்டில் முடிக்கக்கூடிய அளவுக்கு எளிமையாக இருந்ததால்தான் இத்தனை வருடம் நிலைத்தன. முதல் வண்டிக்கு இதை மனதில் வையுங்கள். கண்ணாடி ஏற்றி இறக்கும் கதவு, ஏசி, மடக்கும் கூரை என்று ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் மாதங்கள் கூடும்.

எது உங்களுக்கு என்பதைப் பணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிஜமாகவே கிடைக்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எல்லா பாகமும் அடங்கிய நல்ல கிட் 100 மணி நேரத்தை ஒட்டி முடியக்கூடும். சேஸிஸிலிருந்து தொடங்கினால் 1,000 மணி நேரம் போவது சாதாரணம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் கிட் நான்கு மாதம், சேஸிஸிலிருந்து தொடங்குவது மூன்று வருடத்துக்கு மேல். மூன்று வருடத்தில் வேலை மாறும், வீடு மாறும், குழந்தை பிறக்கும். என் கருத்தைக் கேட்டால், டோனர் கார் வழிதான் நடுவில் நிற்பது: பழைய வண்டியைக் கழற்றும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடும், ஆனால் சேஸிஸ் நேராக இருக்கிறதா என்ற கவலை இல்லை.

ஒரு ஸ்பேனர் வாங்கும் முன்

உங்கள் நாட்டில் தனி ஆள் கட்டிய வண்டியைப் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நாடுகளில் இதற்கென்றே பரிசோதனை இருக்கிறது. பிரிட்டனில் ஒவ்வொரு தனி வண்டியையும் நிறுத்தி வைத்து பிரேக், விளக்கு, புகை, ஸ்டீயரிங் என்று பார்ப்பார்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு எத்தனை மி.மீ. வளைந்திருக்கிறது என்றுகூட அளப்பார்கள். சில நாடுகளில் சாலைக்கே விடமாட்டார்கள், தனியார் டிராக்கில் மட்டும்தான் ஓட்டலாம். இதைக் கடைசியில் தெரிந்துகொண்டு மனம் உடைந்தவர்கள் உண்டு. விதி தெரிந்துவிட்டால் அந்தப் பட்டியலை ஷெட்டின் சுவரில் ஒட்டி வையுங்கள், ஒவ்வொரு பாகத்தையும் அதைப் பார்த்துப் பொருத்தலாம். வாங்கும் எல்லாவற்றுக்கும் ரசீது, இன்ஜின் எண், ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம், மூன்றையும் முதல் நாளிலிருந்து சேர்த்து வையுங்கள். யார் கட்டியது, எந்த பாகம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் கொடுப்பவரிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.

இடம் என்றால் வண்டியின் அளவு மட்டும் போதாது. சுற்றி நடக்க நாலு பக்கமும் ஒரு மீட்டர், கழற்றிய பாகங்களுக்கு ஒரு சுவர் முழுக்க அலமாரி, நல்ல வெளிச்சம். வெளிச்சத்துக்குச் செலவழிப்பதை நான் முதல் கருவியாகவே நினைக்கிறேன். கருவிகளில் ஒன்றில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள், அது டார்க் ரெஞ்ச், நாம் வைத்த அளவுக்கு முறுக்கியதும் சொல்லிவிடும் ஸ்பேனர். அப்புறம் இரண்டு ஜோடி நல்ல ஆக்ஸில் ஸ்டாண்டு. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவது ஸ்டாண்டின் வேலை.

பழைய வண்டியைக் கழற்றுவது

டோனர் காரை ஓடும் நிலையில் வாங்குங்கள். வாங்கி, கழற்றும் முன் சில நாள் ஓட்டிப் பாருங்கள், எந்த கியரில் சத்தம் வருகிறது, சூடானால் ஆயில் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது, புகை என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். இன்ஜினைத் தரையில் இறக்கிய பிறகு இதையெல்லாம் அதனிடம் கேட்க முடியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 இந்த வேலைக்கு இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குக் காரணம், முன்னால் நெடுக்காக வைத்த சின்ன இன்ஜின், பின்சக்கர இயக்கம், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், எல்லாமே ஒரே வண்டியில் கிடைக்கின்றன. பத்து லட்சத்துக்கு மேல் தயாரானதால் உதிரிக்கும் பஞ்சமில்லை.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த பாகத்தோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு, மேலே பேனாவால் எழுதுங்கள். "பின் இடது, கீழ்க்கை, உள்பக்கம், நீளமான போல்ட்" என்கிற அளவுக்கு விவரமாக. இன்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்று தோன்றும், ஏழு மாதம் கழித்துப் பார்க்கும்போது நீளமும் மரையும் ஒரே மாதிரி நான்கு போல்ட் கையில் இருக்கும். கனெக்டர்களைப் பிடுங்கும் முன் புகைப்படம் எடுங்கள், கிட்டத்தில் ஒன்று, சற்றுத் தள்ளி நின்று ஒன்று. கிட்டத்தில் எடுத்தது மட்டும் இருந்தால் அது இன்ஜினின் எந்தப் பக்கம் என்றே பின்னால் புரியாது.

எதைத் திரும்பப் பயன்படுத்தலாம், எதை மாற்ற வேண்டும் என்பதில் என் கோடு இதுதான்: உடைந்தால் வண்டி வழியில் நின்றுபோகும் அவ்வளவுதான் என்றால் பழையது ஓடட்டும், உடைந்தால் வண்டி நம் கையில் நிற்காது என்றால் புதிது. பிரேக் ஹோஸ், காலிப்பர் சீல், பால் ஜாயின்ட், டை ராடு முனை, சக்கர பேரிங் எல்லாம் இரண்டாவது வகை. டயரும் அதில்தான் சேரும், அதன் மேல் வெட்டுகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும். பக்கவாட்டில் தயாரிப்புக் குறியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

சேஸிஸை நீங்களே செய்வதாக இருந்தால்

வெல்டிங் தெரியாமல் இதில் இறங்காதீர்கள், சேஸிஸ் நீங்கள் பழகும் இடமல்ல. ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து, துண்டுக் குழாய்களை ஒட்டி, சுத்தியலால் அடித்து வளைத்து, ஒட்டு உடைகிறதா குழாய் கிழிகிறதா என்று பார்த்துப் பழகுங்கள். குழாய் கிழிந்தால் ஒட்டு பரவாயில்லை. செவன் பாணியில் வீட்டில் கட்டும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம், போதும். பலம் குழாயின் கனத்தில் இல்லை, முக்கோணங்களில் இருக்கிறது. சதுரச் சட்டத்தை மூலையில் தள்ளினால் சரியும், குறுக்கே ஒரு குழாய் போட்டால் அதே சட்டம் அசையாது. முதலில் மொத்தத்தையும் சமமான மேஜையில் வைத்துப் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக வந்த பிறகுதான் முழு வெல்டு. அதையும் ஒரே மூலையில் தொடர்ந்து செய்யாமல் எதிர் எதிர் மூலைகளாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் சட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். எல்லா பாகத்தையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்து, ஓட்டை எல்லாம் போட்டு, பிராக்கெட் எல்லாம் ஒட்டி, மறுபடி முழுக்கக் கழற்றி, அப்புறம்தான் சேஸிஸுக்குப் பூச்சு. ஒரு முழு வண்டியை இரண்டு தடவை கோப்பது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் இரண்டாவது முறை கோக்கும்போது கை தானாகப் போகும் பாருங்கள், இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை.

நட்டும் போல்ட்டும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி என்பது கடைசியில் சில நூறு போல்ட்டுகளை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதுதான். போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அது அறுந்துபோகும் இழுவிசை, மெகாபாஸ்கலில். அடுத்த எண், அதில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. 8.8 என்றால் 800-இல் அறும், அதில் 0.8 பங்கு, அதாவது 640-இல் நீளும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் இருக்கும் இடங்களில் எண் இல்லாத போல்ட் வேண்டவே வேண்டாம். துருப்பிடிக்காத ஸ்டீல் பளபளவென்று இருக்கிறது என்று சஸ்பென்ஷனில் போடுபவர்கள் உண்டு, அலங்காரத்துக்கு விற்கும் சாதாரண ரகம் 8.8 அளவுக்குப் பலமானது அல்ல.

பாகத்துக்குள் ஊடுருவும் போல்ட்டின் மரையில்லாத தண்டுப் பகுதிதான் பிராக்கெட்டின் ஓட்டையில் உட்கார வேண்டும், மரை உட்காரக் கூடாது. நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு போட்டால் போல்ட்டின் மரை ஒன்றிரண்டு சுற்றாவது வெளியே தெரிய வேண்டும், கழற்றினால் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அந்த வகையே வேண்டாம், சூட்டில் நைலான் இளகிவிடும். ரப்பர் புஷ் உள்ள சஸ்பென்ஷன் கைகளை வண்டி அதன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்றதும் அந்த நட்டுக்கும் பக்கத்து உலோகத்துக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். கோடு இல்லாத நட்டு இன்னும் முறுக்காத நட்டு, இடையில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போகலாம், சந்தேகம் வராது. என் வண்டியில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு முறை அடியில் படுக்கும்போதும் அவை நேராக இருப்பதைப் பார்ப்பதில் ஒரு தனி நிம்மதி.

பிரேக்

தாமிர நிக்கல் குழாய் வாங்குங்கள், துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். முனையை விரிக்கும் முன் நட்டைக் கோத்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், நானே இரண்டு குழாயை இப்படி வெட்டி மறுபடி செய்திருக்கிறேன். குழாயை 20–30 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டுப் பிடித்து, சேஸிஸுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்காமல், சைலன்சர் பக்கம் போகாமல் கொண்டுபோங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரத்தை மேலே கீழே தூக்கி இறக்கி, ஹோஸ் எங்காவது உரசுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 ரகம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். அதனால் பாதி தீர்ந்து, ஒரு வருடமாக அலமாரியில் நிற்கும் டப்பாவை ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், டாட் 4-ஓடு கலக்கக் கூடாது. டாட் 4 பெயிண்டில் ஒரு சொட்டு பட்டாலும் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பதை, பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். பெடல் கல் மாதிரி ஆன பிறகு முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்தபடி உட்கார்ந்து, வேறொருவரை டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

ஒன்று மட்டும் கட்டாயம். அவசரமாகப் பிரேக் பிடித்தால் முன்சக்கரம்தான் முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். டோனர் கார் இதைவிடக் கனமானது, எடைப் பகிர்வும் வேறு, அதிலிருந்து எடுத்த பிரேக் அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஆள் இல்லாத, மூடிய இடத்தில், மெதுவான வேகத்திலிருந்து படிப்படியாகக் கூட்டிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் சாலை.

ஒயரிங்

பலரைப் பயமுறுத்தும் பகுதி இதுதான், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி முழுவதற்குமான ஒயர்களை ஒரே குவியலாகப் பார்க்காமல் ஒவ்வொரு வேலையாகப் பாருங்கள்: பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ஸ்விட்ச், அங்கிருந்து பல்பு, பல்பிலிருந்து எர்த். எந்த சர்க்யூட்டும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தாளில் ஒரு சர்க்யூட் மட்டும் வரைந்து, கட்டி, சோதித்து, டிக் போட்டு, அடுத்ததற்குப் போங்கள். 55 வாட் முன்விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியருக்கு மேல், அதை டாஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாக விடாமல் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடுங்கள். ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-க்கு விளக்கு, 86-க்கு ஸ்விட்ச், 85-க்கு எர்த்.

கிட் வண்டிகளில் தகராறு செய்வது பெரும்பாலும் எர்த். ஃபைபர்கிளாஸ் பாடியில் மின்சாரம் பாயாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு எர்த் ஒயர் சேஸிஸ் வரை வர வேண்டும், அது சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பில் இறுக்க வேண்டும். அதைவிட முக்கியம், இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை ஒன்று வேண்டும். மறந்தால், ஸ்டார்ட்டரின் கரண்ட் எல்லாம் கிடைத்த வழியில், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், கேபிள் சூடேறிப் புகையும். ஒயர் இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) போடுங்கள். பிரதான ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இன்ஜின் பிடிக்கும் நாள்

ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், கூட ஒருவர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், ஆகவே தரையில் ஹீட்டரோ தீப்பொறி வரும் எதுவுமோ வேண்டாம். பெட்ரோல் ஹோஸ் எதற்கானது என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் அழுத்தம் 3 பார் அளவுக்கு இருக்கும், கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை, அதற்கான ஹோஸை இதற்குப் போட்டால் வெடித்துக் கொட்டும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பத்துப் பதினைந்து விநாடி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி. ஆயில் பிரஷர் முள் எழும் வரை. மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினின் பேரிங்குகளுக்கு இதுதான் முதல் வேளைச் சாப்பாடு. பிறகு பிளக்கை மாட்டி, பம்பை மட்டும் ஓடவிட்டு எங்காவது பெட்ரோல் கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்து, அதன் பிறகு சாவி.

பிடித்ததும் ரேஸ் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பிரஷர், கசிவு, சத்தம், மூன்றும் சரியாக இருந்தால் வெப்பம் ஏறும் வரை ஓடட்டும், ரேடியேட்டர் ஃபேன் தானாகப் போடுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். முள் ஏறிக்கொண்டே போய் ஹீட்டர் பக்கக் குழாய் குளிர்ச்சியாகவே இருந்தால் கூலண்டில் காற்று மாட்டியிருக்கிறது. அணைத்து, முழுக்க ஆறவிட்டு, வண்டியின் மூக்கை உயர்த்தி நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இதெல்லாம் முடிந்தபின் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். அந்த அரை மணி நேரம் உங்களுடையது.

நின்றுபோகாமல் இருக்க

இன்ஜின் பிடித்த பிறகுதான் நிறைய வண்டிகள் நிற்கின்றன, ஆச்சரியமாக இருக்கும். பெரிய வேலை முடிந்துவிட்ட உணர்வு வந்துவிடும், ஆனால் மீதி இருப்பது நூறு சின்ன வேலை, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடியும் துண்டுகளாக எழுதுங்கள். "ஒயரிங்" என்று எழுதாதீர்கள், "பின் இடது இண்டிகேட்டர்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் அடுத்த வேலைக்கான பாகத்தையும் ஸ்பேனரையும் மேஜையில் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள், மறுநாள் களைப்பாக இருந்தாலும் கை அதைத் தொடும். பாகம் வரத் தாமதமானால் வேறு வேலை ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது காட்டுங்கள், பிரேக் குழாயில் காற்று எடுக்க எப்படியும் இரண்டாவது ஆள் தேவை, அந்த ஆள் இந்த வண்டியில் தன் பங்கும் இருக்கிறது என்று நினைத்தால் உங்கள் சனிக்கிழமைகள் எளிதாகும்.

பாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர்கிளாஸில் துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பளபளப்பான பக்கத்திலிருந்து மெதுவாகத் துளையுங்கள், இல்லாவிட்டால் மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். அலுமினியத் தகட்டை இரும்புக் குழாயில் ரிவெட் அடிக்கும் முன் நடுவில் சீலண்ட் தடவுங்கள், இரண்டு உலோகமும் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். கதவும் பானெட்டும் ஒட்டும் இடைவெளியைச் சரி செய்ய எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இடைவெளி சமமாக இருந்தால் பெயிண்ட் சுமாராக இருந்தாலும் வண்டி நன்றாகத் தெரியும்.

சாலைக்கு

சக்கரக் கோணங்களை நீங்களே ஓரளவு சரி செய்யலாம். வண்டியின் இரண்டு பக்கமும் நான்கு ஸ்டாண்டில் மீன்பிடி நரம்பை நடுக்கோட்டுக்கு இணையாக இழுத்துக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நரம்பிலிருந்து உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் டோ, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது, தெரிந்துவிடும். அளக்கும்போது உங்கள் எடைக்கு மணல் மூட்டையை ஓட்டுநர் சீட்டில் வையுங்கள், இவ்வளவு லேசான வண்டியில் ஓட்டுநரின் எடை கணக்கையே மாற்றிவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முன்சக்கரத்தை ஜாக்கியால் மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதும் நல்லது. சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புகிறது என்றால் மேடு பள்ளத்தில் வண்டி கையில் நிற்காது, ஸ்டீயரிங் ரேக்கின் உயரத்தை மாற்ற வேண்டும்.

முதல் ஓட்டம் பதினைந்து நிமிடம் போதும். திரும்பி வந்து சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீல் நட்டுகளை 50–100 கி.மீ.யில் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள், சஸ்பென்ஷன், இன்ஜின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளையும். 500 கி.மீ.யில் ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டித் திறந்து உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, கி.மீ., என்ன செய்தேன், எவ்வளவு முறுக்கினேன். என் நோட்டின் முதல் பக்கத்தில் "பின் வலது கீழ்க்கை, புது புஷ், அழுத்தியது" என்று இருக்கிறது, கிரீஸ் கறையோடு. இப்போது இரண்டாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதே புஷ்ஷை மாற்றினேன். கையேட்டை எடுக்கவில்லை, எந்த ஸ்பேனர், எந்தப் பக்கத்திலிருந்து போல்ட்டைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருந்தது. நாற்பது நிமிடத்தில் முடித்து, வண்டியை சக்கரத்தில் இறக்கி, எடையோடு முறுக்கி, மஞ்சள் கோடு போட்டேன்.